நினைவு நாணயம்

டிப்போவில் கொடுத்த சில்லறையைத் தோல்பையில் கொட்டியபோதே கண்டக்டரின் காதுக்கு ஏதோ உறைத்தது. நம்மூர்க் காசுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் வேறு மாதிரி ஒலித்தது. முதல் டிரிப்புக்கு நேரமாகிவிட்டதென்று டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார். அதைக் காதில் வாங்காமல் பைக்குள் கையை விட்டுத் துழாவி, வெளிறிய மஞ்சளில் ஒரு காசை எடுத்துவிட்டுத்தான் கண்டக்டர் படியேறினார்.

அவர் பஸ் போகிற வழியில்தான் நாணயம் அடிக்கும் ஆலை இருக்கிறது. சொந்தமாக ஆலை வைக்க வசதியில்லாத சின்னச் சின்ன நாடுகளெல்லாம் தங்கள் காசை அங்கே அடித்து வாங்கிப்போகும். எப்போதாவது ஒன்றிரண்டு, அடித்த காசு விழும் தொட்டியின் மூலையில் ஒட்டிக்கொண்டு, நம்மூர்ச் சில்லறையோடு கலந்து வெளியே வந்துவிடும். அப்படித் தப்பி வருகிறவற்றையும் பழைய சாமான் சந்தையில் அகப்படுகிறவற்றையும் சேர்த்து வைப்பது கண்டக்டரின் கிறுக்கு. வருடத்துக்குக் கீழே கடுகளவு நட்சத்திரம் இருந்தால் அது நம் ஆலையில் பிறந்தது. "கடலுக்கு அந்தப் பக்கம் எவனோ டீ குடிச்சிட்டு நீட்டுற காசு, நம்ம பஸ் ஸ்டாப்புல பொறந்தது, தெரியுமா?" என்று மனைவியிடம் பூரித்துப்போவார். "அதைக் குடுத்தா நம்ம கடைக்காரன் ஒரு தீப்பெட்டி தருவானா?" என்பாள் அவள்.

மஞ்சள் காசில் நட்சத்திரம் இருந்தது. உப்பிய கன்னத்தோடு ஒரு மனிதரின் முகம். கீழே இரண்டு வருடங்கள், நடுவே சிறு கோடு. இரண்டாவது, இந்த வருடம். பாவம், போய்ச் சேர்ந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். சுற்றியிருந்த எழுத்தை எங்கோ பார்த்த ஞாபகம் வந்தது. கீழ்வீட்டு டெய்லரின் காலண்டரில் இருப்பது இந்த எழுத்துதான்.

டெய்லர் ஒரு தீவு நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர். சொந்தமென்று சொல்ல அங்கே ஓர் அண்ணன் மட்டும். அந்நாட்டுத் தலைவரின் காரை ஓட்டுகிறவர். ஊரில் யாருக்கும் பயப்படாத உத்தியோகம் என்று டெய்லர் பெருமையடித்துக்கொள்வார். சாயங்காலம் கண்டக்டர் காசை நீட்டியதும் மிஷின் விளக்கடியில் பிடித்துப் பார்த்து, குழந்தை மாதிரிச் சிரித்தார்.

"எப்ப தவறுனாரு? பேப்பர்ல ஒண்ணும் வரலியே?" என்றார் கண்டக்டர்.

"யாரு?"

"உங்க தலைவருதான். செத்த வருஷம் போட்டிருக்கே."

"நல்லா கேட்டீங்க போங்க. இன்னைக்குக் காலைல பாலம் திறந்து வச்சாரு. எங்கண்ணன்தான் கார் கதவைத் திறந்து விட்டான். டிவில பார்த்தேனே."

சொல்லிவிட்டு டெய்லர் காசை மறுபடி பார்த்தார். சிரிப்பு முகத்திலேயே மறந்துபோய் நின்றது.

"என்ன எழுதியிருக்கு?"

"எங்கள் தந்தைக்கு, கண்ணீருடன்."

"உடம்பு கிடம்பு சரியில்லையோ?"

"தினம் கடல்ல நீந்துற மனுஷன் அவரு."

"இல்ல... ஒருத்தர் ஆர்டர் குடுக்கணும், முகம் வரையணும், அச்சு வெட்டணும், மாதிரி அடிச்சு அனுப்பணும்..." தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டே வந்த கண்டக்டர் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். மாதக்கணக்கில் ஆகிற வேலை. அப்படியானால் அப்போதே யாரோ நாள் குறித்திருக்கிறார்கள். மேஜை போட்டு உட்கார்ந்து, கண்ணீர் என்ற சொல்லுக்கு எழுத்துப்பிழை சரிபார்த்திருக்கிறார்கள். ஆர்டர் எடுத்தவர், அச்சு வெட்டியவர், எல்லோரும் இவருடைய பஸ்ஸில் தினமும் டிக்கெட் வாங்குகிறவர்களாகவும் இருக்கலாம்.

டெய்லர் போனை எடுத்தார். அந்த நாட்டில் போனுக்கும் காது உண்டு. அண்ணன் குரல் கேட்டதும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார்.

"அண்ணே, அம்மாவுக்கு ரொம்ப முடியல. உடனே கிளம்பி வா."

அவர்களுடைய அம்மா, இருவரும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதே இறந்துவிட்டாள்.

"அம்மாவுக்கா?"

"ஆமாண்ணே. அம்மாவுக்குத்தான்."

"நாளைக்கு மலைப்பக்கம் ஒரு பயணம் இருக்குடா. பெரியவரோட. முடிச்சிட்டு வந்துடறேன்."

"அதுக்கு முன்னாடி வாண்ணே. அவங்க தாங்க மாட்டாங்க."

மூச்சுவிடும் சத்தம் மட்டும் வந்தது. அது அண்ணனுடையதோ, நடுவில் கேட்டுக்கொண்டிருக்கும் வேறு யாருடையதோ, கண்டக்டருக்கு விளங்கவில்லை. லைன் அறுந்தது.

மறுநாள் மத்தியானம் பஸ்ஸில் யாரோ செல்போனில் செய்தி வைத்திருந்தார்கள். தீவு நாட்டுத் தலைவர், மலைப்பாதை, மழை, உருண்ட கார் என்று துண்டுதுண்டாகக் காதில் விழுந்தது. டிக்கெட் கிழித்த கை அப்படியே நின்றது. உடன் சென்றவர்களைப் பற்றித் தகவல் இல்லை என்று செய்தி முடிந்தது. "மீதி குடுப்பா" என்று ஒரு கிழவர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

டியூட்டி முடிந்ததும் நேரே டெய்லர் கடைக்குத்தான் போனார். சத்தமில்லாமல் டிவி ஓடிக்கொண்டிருந்தது. டெய்லர் தலைநிமிராமல் சாம்பல் நிறத் துணியை வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஏதாவது தெரிஞ்சுதா?"

"எடுக்க மாட்டேங்கிறான். நேத்தே ஓடியிருந்தா போனைத் தூக்கிப் போட்டிருப்பான். அவ்வளவு மட்டியில்ல அவன்." கத்திரி நிற்கவில்லை. "உடுத்தின துணியோட வந்து நிப்பான். மாத்துக்கு வேணும்ல?"

கண்டக்டர் தோளிலிருந்த பையை இறக்கி ஸ்டூலில் வைத்தார்.

"அவன் அளவு எங்கிட்ட இல்ல. உங்க உயரம்தான் இருப்பான். கொஞ்சம் நில்லுங்க சார்."

கண்டக்டர் கைகளை விரித்து நின்றார். வெட்டிய துணியைத் தோளில் போர்த்தி, வாயில் கவ்வியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குத்தினார் டெய்லர். துணி ஜில்லென்றிருந்தது. மார்பின் மேல் சாக்குக்கட்டி கோடு இழுத்துக்கொண்டு போனது. "இங்க கொஞ்சம் லூசா விடணும். மூச்சு வாங்குவான்" என்று ஊசிகளுக்கிடையே முணுமுணுத்தார். தெருவில் செருப்புச் சத்தம் நெருங்கி வந்து, வாசலில் நின்றது. டெய்லர் திரும்பவில்லை. கண்டக்டருக்குக் கை கடுத்தது. இறக்கினால் என்ன ஆகிவிடுமோ என்று, அந்தப் பாதிச் சட்டைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.