லைட் பார்க்கும் படம்

"எல்லாப் படமும் பாத்தேன். பதினோராவதுல சிரிக்கறாரே, அவரு யாருங்க?" என்று, அப்பாவின் பிறந்தநாளுக்குப் படம் எடுக்க ஆள் தேடிய ஓர் அம்மாள் தொலைபேசியில் கேட்டதும் புகைப்படக்காரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாதிரிக்கு அனுப்பியது பத்துப் படம்தான்.

கணினியைத் திறந்து பார்த்தால், அவளுடைய வீட்டுக்காரர். கழுத்துக்குக் கீழே சாம்பல் நிற அட்டையைப் பிடித்தபடி, கேமராவோடு மல்லுக்கட்டும் இவளைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறார். எந்த விழாவுக்குப் போனாலும் ஆட்கள் வருமுன் அவரை நிறுத்தி, அந்த அட்டையைக் கையில் கொடுத்து, வெளிச்சமும் நிறமும் சரியா என்று இரண்டு படம் எடுத்துப் பார்ப்பாள். பிறகு அழித்துவிடுவாள். வாரமெல்லாம் லிஃப்ட் பழுதுபார்க்கிற மனிதர், ஞாயிற்றுக்கிழமை இவளுக்கு விளக்கு சுமப்பார். அழிக்க மறந்த ஒன்று மற்றவற்றோடு போய்விட்டது.

மானம் கப்பலேறியது என்றே நினைத்தாள். மூன்று வருடமாகக் கல்யாணம், பள்ளி ஆண்டு விழா என்று ஓடி ஓடி எடுத்தும் முகப்படம் மட்டும் அவளுக்குக் கைவரவில்லை. "சிரிங்க" என்பாள். உதடு சிரிக்கும், கண்ணோ பல் டாக்டர் வாசலில் உட்கார்ந்திருக்கும். இந்த வேலையும் கைநழுவினால் முகப்படத்துக்கே ஒரு கும்பிடு போடுவதாக இருந்தாள்.

"அந்த மாதிரி எங்கப்பாவ எடுத்துத் தருவீங்களா? எண்பது வயசாகுது. கேமராவப் பாத்தா கல்லாயிடுவாரு. அவரு அவரா இருக்கற படம் எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல" என்றார் தொலைபேசியில் அந்த அம்மாள்.

பிறந்தநாளன்று பெரியவர் ஜன்னலோர நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டார். அவ்வளவுதான், கல். இருபது படம் எடுத்தாள். இருபதிலும் அடையாள அட்டையில் இருக்கும் அதே முகம். மகள் கதவோரம் நின்று, வழக்கம்போலத்தான் என்று தன்னைத் தேற்றிக்கொள்வதுபோல் தலையாட்டினாள். இவள் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கையில் அந்த அட்டை இருந்தது.

அதை வாங்கிப் பெரியவரிடம் கொடுத்தாள். "லைட் சரியில்லப்பா. இதக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க, படம் அப்புறம் எடுக்கலாம்."

அப்புறம்தான் என்றதும் பெரியவர் மேல்பொத்தானைக் கழற்றிவிட்டு மூச்சு விட்டார். அட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு, விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்த வீட்டுக்காரரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏன் தம்பி, வீட்லயும் இப்படித்தான் நிக்கச் சொல்லுவாங்களா?"

"வீட்ல அட்டை தரமாட்டாங்க சார்."

பெரியவர் தோள் குலுங்கச் சிரித்தார். அட்டை மடியில் சரிந்தது. கடைவாயில் விழுந்துபோன பல்லின் இடம் தெரிந்தது. கண் இடுங்கி, முகம் முழுக்கச் சுருக்கம் ஓடியது. மூன்று வருடமாக அழித்துப்போட்ட படங்கள் எல்லாம் அவளுக்கு நினைவுக்கு வந்தன. கேமராவை அழுத்திய விரல் மட்டும் நிற்கவில்லை.

மகள் ஓசைப்படாமல் பின்னால் வந்து கேமராவின் சின்னத் திரையை எட்டிப் பார்த்தாள். இவளுடைய முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கேமரா ஆடியது. அந்தப் படத்தையும் இவள் எடுத்தாள்.

"லைட் சரியாயிடுச்சாம்மா?" என்றார் பெரியவர், கண்ணைத் துடைத்தபடி.

"இன்னும் இல்லப்பா" என்றாள். "அப்படியே பேசிட்டு இருங்க."