வெந்நீரில் கலந்த மருந்து

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவரை நீராவி என்றுதான் கூப்பிடுவார்கள். அறுவை சிகிச்சைக் கருவிகளை நீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் அறை அவருடைய ராஜ்யம். கிருமி என்றாலே மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டில் கரண்டிகூட அவரிடமிருந்து தப்பாது.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறவள். ஊர் இருமலெல்லாம் அவள் முதுகுக்குப் பின்னால்தான். வேறு வேலை பார் என்று அவர் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நெஞ்சுச் சளிக்கு அவள் சாப்பிட்ட ஆன்டிபயாடிக், சளியோடு குடலையும் துடைத்து எடுத்துவிட்டது. வயிற்றுப்போக்கு நிற்கவேயில்லை. பயணிகளை நடுரோட்டில் விட்டுவிட்டு ஓட முடியுமா? குணமாகாவிட்டால் நிரந்தரமாக டிக்கெட் கவுண்டர் என்று டெப்போவில் சொல்லிவிட்டார்கள். அதை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

குடலில் நல்ல கிருமிகளும் உண்டு, மருந்து அவற்றையும் காலி செய்துவிட்டது என்றார் அதே ஆஸ்பத்திரி டாக்டரம்மா. லாக்டோபேசில்லஸ் என்று ஒன்று, பாலைப் புளிக்கவைக்கும் இனம், பொடியாக வருகிறது. குடலில் அமிலம் சுரந்து கெட்டவை தலையெடுக்காமல் பார்த்துக்கொள்ளும். எல்லோருக்கும் கேட்காது, ஒரு மாதம் பார்க்கலாம் என்று விடுப்பும் எழுதிக் கொடுத்தார்.

கலக்கிக் கொடுக்கும் பொறுப்பை நீராவி எடுத்துக்கொண்டார். நல்ல கிருமியோடு கெட்ட கிருமி ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாதே. தம்ளரை வேகவைத்து, தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து, இறக்கிய சூட்டிலேயே பொடியைக் கொட்டுவார். அவள் ஊதி ஊதிக் குடிப்பாள். ஒரு மாதமாகியும் வயிற்றுப்போக்கு நின்றபாடில்லை.

டாக்டரம்மாவை மறுபடி பார்க்க வேண்டிய அன்று காலையில், இன்னொரு பெட்டி வாங்க மருந்துக் கடைக்குப் போனார். கடைக்காரர் குளிர்பெட்டியிலிருந்து அதை எடுத்துக்கொண்டே, வெந்நீரில் கலக்க வேண்டாம், உயிரோடு இருந்தால்தான் வேலை செய்யும் என்று போகிறபோக்கில் சொன்னார்.

நீராவிக்கு வியர்த்துவிட்டது. வெளியே சொன்னால் ஆஸ்பத்திரியே கைகொட்டிச் சிரிக்கும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் கவுண்டருக்குப் போய்விடுவாள், அவர் இத்தனை வருஷம் கேட்டது தானாக நடந்துவிடும். பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மனைவியோடு வாயைத் திறக்காமல் போய் டாக்டரம்மா முன் உட்கார்ந்தார்.

மருந்து கேட்கவில்லை, இனிப் பேருந்து வேண்டாம் என்று எழுத டாக்டரம்மா பேனாவை எடுத்தார். அவள் மடியிலிருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதாதீங்க டாக்டர்" என்றார் நீராவி. "இவ அந்த மருந்தைக் குடிக்கவேயில்ல."

"தினமும் குடிச்சேனே" என்றாள் அவள்.

"குடிச்ச. நான்தான் கொதிக்கிற தண்ணியில போட்டு, எல்லாத்தையும் கொன்னு குடுத்தேன்."

மூலையில் நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, இன்னும் ஒரு மாதம் விடுப்பு எழுதினார். இந்தத் தடவை கேட்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை என்றார்.

இவர்கள் தாழ்வாரத்துக்கு வருவதற்குள் செய்தி வார்டு வார்டாகப் போய்விட்டிருந்தது. அவள் சிரிக்கவில்லை. ஒரு மாத அவஸ்தை வீணாய்ப் போன ஆத்திரம் அவளுக்கு. விறுவிறுவென்று படி இறங்கினாள். பிறகு நின்று அவரைப் பார்த்தாள்.

"நான் பஸ் ஓட்டறது உங்களுக்குப் பிடிக்காதில்ல? சொல்லாம இருந்திருக்கலாமே?"

"இப்பவும் பிடிக்காது" என்றார் அவர்.