நாலாவது போட்டோ

பாட்டு முடியும் தறுவாயில் கஸ்தூரிரங்கனின் கை தானாகப் போய்க் கார்க் கதவின் பிடியைப் பற்றிக்கொண்டது. மகள் விஷாகா அதைக் கவனித்து வேகத்தைக் குறைத்தாள். சென்னையிலிருந்து திரும்பும் மனைவி ஷ்யாமளாவை அழைத்துவர, பிஸ்கட்டவேயிலிருந்து நெவார்க் ஏர்போர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வழி முழுக்க விஷாகா ஒரு ராப் ஆல்பத்தை ஓடவிட்டிருந்தாள். முப்பது வருஷத்துக்கு முந்தையது. காலேஜுக்காக அதைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறாள்.

"டூ லவுட், அப்பா?"

"இல்ல. கடைசில என்ன சொன்னான்? திரும்பப் போடு."

போட்டாள். பாடுகிறவன் பதினாறு வயதுப் பையனாக நின்று பேசுகிறான். பீட்சா கொண்டுவருகிறவனை அடுக்குமாடிப் படிக்கட்டில் மறிக்கிறான். துப்பாக்கியில் குண்டு இல்லை. கிடைத்ததைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுகிறான். மறுநாள் போலீஸ், அதே நிற ஜாக்கெட் போட்டிருந்த மூன்றாம் மாடிப் பையனைக் கூட்டிக்கொண்டு போகிறது. இவன் ஜன்னல் வழியாகப் பார்க்கிறான். அவ்வளவுதான் பாட்டு.

"இது நிஜமா நடந்ததா?"

"சம் ஆஃப் இட், மேபி. வொய்?"

எம்.எஸ். படிக்க வந்த முதல் குளிர்காலத்தில் தானும் பீட்சா கொண்டுபோய்க் கொடுத்ததை அவர் வீட்டில் சொன்னதில்லை. மாணவர் விசாவில் வெளியே வேலை செய்யக் கூடாது. ஒரு சாயங்காலம் படிக்கட்டில் எவனோ அவர் நெஞ்சில் துப்பாக்கியை வைத்தான். அக்கம்பக்கத்தில் யாரோ போலீஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவருக்குத் துப்பாக்கியைவிட, பிறகு உட்காரவைத்த அறைதான் பயமாக இருந்தது. அதிகாரி மேஜைமேல் ஆறு பையன்களின் போட்டோக்களைப் பரப்பினார். அடுத்து விசாவைத்தான் கேட்கப்போகிறார் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. யாரையாவது காட்டிவிட்டால் எழுந்து போய்விடலாம். நாலாவதின் மேல் விரலை வைத்தார்.

இதையெல்லாம் அவர் சொல்லி முடித்தபோது ஏர்போர்ட்டுக்கு வெளியே, காத்திருக்கும் கார்களின் வரிசையில் அவர்களும் நின்றிருந்தார்கள். விஷாகா பாட்டை எப்போது நிறுத்தினாள் என்று தெரியவில்லை.

"டிட் யூ ஈவன் சீ ஹிஸ் ஃபேஸ்?"

"ஜாக்கெட்டப் பார்த்தேன். சிவப்பு. நாலாவது போட்டோலயும் சிவப்பு."

"ஜாக்கெட் மட்டுமா?" அவள் தமிழில் கேட்டது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அவனாவும் இருந்திருக்கலாம்மா."

"அப்புறம் அவனுக்கு என்னாச்சு?"

"தெரியாது. அடுத்த வாரமே வீட்ட மாத்திட்டேன். கோர்ட்லேர்ந்து லெட்டர் எதாவது வந்திருந்தாலும் என் கைக்குக் கிடைச்சிருக்காது."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ போனைக் கையில் எடுத்தாள்.

"பேர் தெரியுமா?"

அன்று அதிகாரி கையெழுத்து வாங்கிய தாளில் அந்தப் பையனின் பெயர் டைப் அடித்திருந்தது. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. மறக்கவும் முடிந்ததில்லை. தெரியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தார்.

"ஜே," என்றார். "ஈ. ஆர்."

ஒவ்வோர் எழுத்தாகக் கடைசிவரை சொன்னார்; அவள் போனில் தட்டித் தேடினாள். தலைக்கு மேலே விமானம் ஒன்று தாழ்வாகப் போனதில் கார்க் கண்ணாடிகள் அதிர்ந்தன. விஷாகா போனைத் தன் பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருந்தாள். எட்டிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண்கள் வரிவரியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன.