விழா முடிந்து வரட்டும்

பாக்கியவதியைக் கட்டிலிலிருந்து குளிர்பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருக்கும்போது அவளுடைய செல்போன் அடித்தது. தலைமாட்டைப் பிடித்திருந்த ஜெயசுந்தரால் கையை எடுக்க முடியவில்லை. கால்மாட்டில் நின்ற அவளுடைய அண்ணன் ஞானமுத்து, அது கிடக்கட்டும், பைய இறக்குங்க என்றார். மனைவியைப் பெட்டிக்குள் கிடத்தி, போர்வையைச் சரிசெய்து, கண்ணாடி மூடியை வைத்த பிறகும் போன் ஓயவில்லை. நின்றது, மறுபடியும் அடித்தது. எடுத்துப் பார்த்தார். கற்பகம்.

பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகப் பிரிவுக்குப் பாக்கியவதி சூப்பிரண்டு. வகுப்பறைச் சாவி, விடுதித் தண்ணீர், பஸ்சுக்கு டிரைவர், விழாவுக்கு நாற்காலி என்று பாடம் நடத்துவதைத் தவிர மற்றதெல்லாம் அந்தப் பிரிவின் தலையில்தான். கற்பகம் அவளுக்குப் பக்கத்து மேசை. பாக்கியவதி நோயில் படுத்த பிறகும் தினமும் காலையில் கற்பகத்தின் போன் வந்துவிடும். சாப்பிட்டீகளாக்கா என்று ஆரம்பித்து, எந்த மோட்டார் ஓடவில்லை, யார் யாரோடு பேசவில்லை என்பதில் போய் முடியும்.

ஜெயசுந்தர் போனைக் காதில் வைத்ததுமே, "அக்கா, கவுன் பூராவும் வந்து இறங்கிருச்சு, ஒண்ணும் கவலப்படாதீக" என்றது அந்தப் பக்கம்.

அன்றைக்குப் பட்டமளிப்பு விழா. அவர் அதை மறந்தே போயிருந்தார். வாழ்நாளெல்லாம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவர், எந்தச் செய்தியையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லத் தெரிந்தவர். இப்போது, அக்கா விடியக்காலம் போயிட்டாம்மா என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை.

அந்தப் பக்கத்தில் நாற்காலிகள் இழுபடும் சத்தமும் மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தமும் மட்டும் கேட்டன. பிறகு கற்பகம், எப்போது எடுக்கிறீர்கள் என்று கேட்டாள். நாலு மணிக்கு என்று பேசியிருப்பதாகச் சொன்னார்.

"நாலு மணிக்கு இங்க மேடையில பட்டம் குடுத்துக்கிட்டு இருப்பாக சார்." குரல் உடைந்து, மறுபடி நேரானது. "எங்களுக்காக வைக்காதீக. அக்கா இருந்தாலும் அதத்தான் சொல்லுவாக."

சரி என்று போனை வைத்தவருக்கு, துக்கத்துக்கு நடுவிலும் சுருக்கென்றது. அவள் அந்த ஆபீசுக்குக் கொடுத்தது கொஞ்சமா. விழா, தேர்வு, ஆய்வுக்குழு என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். இருட்டிய பிறகுதான் பஸ் அவளைத் தெருமுனையில் இறக்கிவிடும். மகள் பெர்சிசுக்குக் கோயிலில் சபையின் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தல் ஆராதனை நடந்த அன்றுகூட, ஜெபம் ஆரம்பித்த பிறகு, கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டையோடுதான் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். நீ இந்த வீட்டுக்கு விருந்தாளி என்பார் அவர். அவள் சிரிப்பாள். சோறு பரிமாறிக்கொண்டே அன்றைய ஆபீஸ் கதையைச் சொல்வாள். அவர் பேப்பரைப் பார்த்தபடி ம் கொட்டுவார்.

சாவு அவளுக்கு லேசாகத்தான் வந்தது. டாக்டர்கள் நாள் குறித்துவிட்ட நோய். வீட்டுக்கே போகிறேன் என்று வந்துவிட்டாள். முந்தின நாள் சாயங்காலம் ரசஞ்சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். விடியுமுன் தண்ணீர் கேட்டாள். அவர் டம்ளரோடு திரும்பி வந்தபோது மூச்சு அடங்கியிருந்தது. அழவேண்டிய அழுகையை இரண்டு பேரும் வருசம் முழுக்கக் கொஞ்சங்கொஞ்சமாக அழுது தீர்த்திருந்தார்கள்.

அவர்கள் ஊரான விஸ்வநத்தத்தில் கோயில் மணி அடித்ததும் ஊர் வந்துவிட்டது. சீசன் நேரம், பட்டாசுக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகவேண்டியவர்கள் ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டு ஓடினார்கள். கோயம்புத்தூரில் நர்சாக இருக்கும் பெர்சிஸ் உச்சிவெயிலில் வந்து சேர்ந்தாள். பெட்டியின் மேல் கன்னத்தை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதாள். எழுந்து முகம் கழுவிக்கொண்டு, அம்மாவுக்கு உடுத்துவதற்குச் சேலை எடுக்க அலமாரியைத் திறந்தாள். வெள்ளைச் சேலையைத்தான் உறவுக்காரப் பெண்கள் சொல்லியிருந்தார்கள். அவள் கையில் வந்தது மடிப்புக் கலையாத மாந்தளிர் நிறச் சேலை, பச்சைக்கரை. ரவிக்கைகூடத் தைத்து உள்ளே வைத்திருந்தது.

விழாவுக்குச் செக்சன் பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரிச் சேலை எடுப்பது வழக்கம். இந்த வருசத்துக்கு அவளேதான் படுக்கையிலிருந்து நிறம் சொன்னாள். நடக்கவே முடியாதவளுக்கு இது எதற்கு என்று அவர் கேட்டதற்கு, எனக்கு எடுக்கலேன்னா அதுக கட்டாதுக என்றாள்.

"இத உடுத்தட்டுமாப்பா?" என்றாள் பெர்சிஸ்.

அவர் தலையசைத்தார்.

செல்லத்தாய் வந்தது அதற்குப் பிறகுதான். எம். புதுப்பட்டிக்காரி. பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குள் மருந்து செலுத்திக்கொண்டிருந்தவள், பக்கத்து அறை வெடித்துச் சிதறிய பிறகு அந்தப் பக்கமே போகமாட்டேன் என்று பல்கலைக்கழகத்தில் துப்புரவு வேலைக்கு வந்தாள். துப்புரவுப் பெண்கள் அப்போது வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பாக்கியவதி ஒருநாள் அவர்களைக் கையோடு அழைத்துப்போய்த் தன் செக்சனின் நீள மேசையில் உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு கரண்டி குழம்பு மாற்றிக்கொண்டு சாப்பிட்டாள். அதிலிருந்து அந்தச் செக்சனுக்கு மேசை ஒன்றுதான். இதை ஜெயசுந்தருக்கு இப்போது செல்லத்தாய் சொன்னாள். பாக்கியவதியும் எப்போதோ சொல்லியிருக்கக்கூடும். அவர் ம் கொட்டியிருப்பார்.

காலை முறை முடிந்ததால் தன்னால் மட்டும் வர முடிந்தது என்றாள் செல்லத்தாய். அங்கே எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டார்.

"எல்லாரும் ரூமுக்குள்ள போயி, கதவச் சாத்திக்கிட்டு அளுதாக சார். அம்புட்டுப் பேரும். அப்புறம் கற்பகத்தக்கா, மூஞ்சியக் களுவுங்க, பிள்ளைகளுக்கு இன்னைக்கி நல்ல நாளு, அதுக முன்னால அளுத மூஞ்சியோட நிக்கப்படாதுன்னாக. களுவிட்டுப் போயிட்டாக. மேடைக்கு, கேட்டுக்கு, சாப்பாட்டுக்குன்னு அம்மா பாக்க வேண்டியத ஆளுக்குக் கொஞ்சமாப் பங்கு வச்சுக்கிட்டாக."

சேலை முந்தியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மா முகத்தப் பாக்கணும்னு எல்லாருக்கும் இருக்கு. ஆனா சாரு கிட்ட அதக் கேக்கவே கூடாதுன்னு சொல்லி விட்டாக. நான் கேக்கல சார்."

ஜெயசுந்தர் எழுந்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்கு நடந்தார். போதகர் காலேப் வீட்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அடக்கத்தை ஆறு மணிக்கு மாற்றவேண்டும் என்றதும் யோசித்தார். கல்லறைத் தோட்டத்தில் விளக்கு கிடையாது, ஆறுக்கு மேல் போனால் சிரமம் என்றார். ஆறுக்கு எடுத்துவிடலாம் என்று ஜெயசுந்தர் வாக்குக் கொடுத்தார்.

வீட்டில் ஞானமுத்து ஒத்துக்கொள்ளவில்லை. வெளியூரிலிருந்து துட்டி கேட்க வந்தவர்கள் பஸ் பிடிக்கவேண்டும், மகளும் வந்துவிட்டாள், இனி யாருக்காக வைத்திருப்பது என்று கேட்டார். ஆபீஸ்காரர்களுக்காக என்று தெரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. கூடப் பிறந்தவன் நான் நிற்கிறேன், கூட வேலை பார்த்தவர்களுக்காகப் பெட்டியைப் போட்டுவைப்பதா என்றார். பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மச்சான், அவ வர்ற வரைக்கும் நான் எத்தனையோ நாள் வாசல்ல காத்துக் கெடந்துருக்கேன்" என்றார் ஜெயசுந்தர். "இன்னைக்கி ஒரு நாள் அவ காத்துக் கெடக்கட்டும். விழா முடிஞ்சு அவுக வரட்டும்."

ஞானமுத்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பந்தலின் அந்தக் கடைசியில் போய் உட்கார்ந்தார்.

வெயில் தணிந்தது. வெளியூர்க்காரர்களில் பாதிப் பேர் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். ஆறு மணியானது. போதகர் அங்கியோடு வந்து உட்கார்ந்து வானத்தைப் பார்த்தார். கற்பகத்திடமிருந்து போன் வந்தது. ஆனைக்குட்டம் விலக்கு தாண்டி வந்துவிட்டோம், வெடி லோடு ஏற்றிய லாரிகள் வரிசையாக நிற்கின்றன, பஸ் நகரவில்லை, நீங்கள் எடுத்துவிடுங்கள் சார், நாங்கள் தோட்டத்துக்கு வந்துவிடுகிறோம் என்றாள். வீட்டுக்கே வாருங்கள் என்று சொல்லிவிட்டு அவர் தெருமுனைக்குப் போய் நின்றார். பக்கத்தில் ஆள் அரவம் கேட்டுத் திரும்பினார். ஞானமுத்து. அவரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒருவழியாக மஞ்சள் பஸ் வந்தது. இறங்கியவர்கள் உடனே தெருவுக்குள் வரவில்லை. பெண்கள் எல்லாரும் தலையில் வைத்திருந்த மல்லிகையை எடுத்து மதில்மேல் வைத்தார்கள். பட்டுக்கரையும் பளபளப்புமாகத் துட்டி வீட்டுக்கு வருவதற்குக் கூசிப்போய், முந்தியை இழுத்து மூடிக்கொண்டு, ஒருவர் பின்னால் ஒருவர் ஒதுங்கினார்கள். கற்பகம்தான் முன்னால் வந்தாள்.

"மாத்திக்கிட்டு வர நேரமில்ல சார், தப்பா நெனைக்காதீக."

"உள்ள போங்கம்மா" என்றார்.

உள்ளே போனவர்கள் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். நின்ற இடத்திலேயே நின்றார்கள். அவர்கள் உடுத்தியிருந்த அதே மாந்தளிர் நிறத்தில், அதே பச்சைக்கரையில் பாக்கியவதி படுத்திருந்தாள். யாரும் அழக்கூட இல்லை. குளிர்பெட்டியின் இரைச்சல் மட்டும் கேட்டது.

பெர்சிஸ் மூடியைத் திறக்கச் சொன்னாள். கற்பகம் குனிந்து, தோளில் நழுவியிருந்த ஒரு மடிப்பை எடுத்துவிட்டாள். அங்கேயே முழங்கால் போட்டு உட்கார்ந்து, ஆபீசில் பக்கத்து மேசையிலிருந்து பேசுகிற குரலில் பேசினாள்.

"அக்கா, நல்லபடியா முடிஞ்சிருச்சு. ஒரு பட்டங்கூட மாறிப் போகல. நடுவுல கரண்டு போச்சு, கோட்டைச்சாமி அண்ணன் ஜெனரேட்டர் பக்கத்துலயே இருந்தாக, ஒருத்தருக்கும் தெரியல. விழாவுக்கு வந்த விருந்தாளிய ரயிலுக்கு அனுப்பியாச்சு. ஹாலக் கூட்டிப் பூட்டிட்டுத்தான் வந்தோம்."

நிறுத்திவிட்டு, ஏதாவது விட்டுப்போனதா என்று யோசிப்பவள்போல் இருந்தாள். "தண்ணிதான் கடைசியில கொஞ்சம் பத்தாமப் போச்சு" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. சுவரோரம் நின்ற ஜெயசுந்தர் அந்தக் கடைசி வாக்கியத்தைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பாக்கியவதி இருந்தால் அதைத்தான் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்கப் பேசியிருப்பாள்.

வெளியே கூட்டம் வாசலில் முட்டிக்கொண்டு நின்றது. கோட்டைச்சாமி, அந்தச் செக்சனின் அட்டெண்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவர், இரண்டு நாற்காலிகளை எடுத்து நகர்த்திப் போட்டார். இப்படி வந்து அப்படிப் போங்க என்று மெல்லச் சொன்னார். இன்னொருவர் மாலைகளை வாங்கி அடுக்கினார், ஒருத்தி வயதானவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். யாரும் யாரையும் ஏவவில்லை. கொஞ்ச நேரத்தில் வாசல் தானாக ஒழுங்கானது. ஞானமுத்துவின் கையில்கூட யாரோ ஒரு வேலையைக் கொடுத்திருந்தார்கள். மரப்பெட்டியின் மூடியைத் தாங்கிக்கொண்டு, சொன்ன இடத்தில் சமர்த்தாக நின்றார்.

கல்லறைத் தோட்டம் போய்ச் சேரும்போது மசங்கிவிட்டது. போதகர் புத்தகத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். எழுத்துத் தெரியவில்லை. வெளியே வண்டிப்பாதையில் பஸ் உறுமிப் பின்வாங்கித் திரும்புவது கேட்டது. முன்விளக்குகள் இரண்டும் எரிந்தன. சிலுவைகளுக்கு இடையில் வெளிச்சம் நீளமாக வந்து குழிவரை விழுந்தது. போதகர் நிதானமாக, ஒரு வரியும் விடாமல் வாசித்தார். பெட்டி இறங்கியது. முதல் பிடி மண்ணை ஜெயசுந்தர் போட்டார். பிறகு பெர்சிஸ், பிறகு ஞானமுத்து. ஞானமுத்து விலகி நின்று, கற்பகத்தைப் பார்த்து, வாங்கம்மா, நீங்க போடுங்க என்றார்.

வீட்டுக்கு வந்தபோது ஞானமுத்து வீட்டிலிருந்து இட்லியும் சாம்பாரும் வந்திருந்தன. செக்சன்காரர்கள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அவர்கள் சாப்பிட்ட விதத்திலேயே தெரிந்தது. பந்தலில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள். பேச்சு தானாக ஆபீசுக்குப் போனது. திங்கட்கிழமை ஆய்வுக்குழு வருகிறது. வாடகைக் கவுன்களை எண்ணித் திருப்ப வேண்டும். விருந்தாளி மேடையில் கொட்டாவியை அடக்கிய அழகை ஒருத்தி செய்து காட்டினாள். சிரிப்பு கிளம்பிப் பரவி, வாசற்படியில் நின்ற ஜெயசுந்தரைக் கண்டதும் நின்றுபோனது.

அவர் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். கற்பகமும் பக்கத்தில் இருந்தவளும் தள்ளி இடம் விட்டார்கள். யாரும் எழுந்து நிற்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. மேலே சொல்லும்மா என்றார் அவர். அந்தப் பெண் தயங்கி, பிறகு விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.

கோட்டைச்சாமி டீக் கேனைத் தூக்கிக்கொண்டு வட்டத்தைச் சுற்றி வந்தார். வரிசைப்படி ஊற்றிக்கொண்டே வந்தவர், அவரிடமும் கேட்காமல் கொள்ளாமல் ஒரு காகிதக் கப்பைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போனார். ஜெயசுந்தருக்குச் சர்க்கரை நோய். வீட்டில் அவருக்கென்று டீ தனியாகத்தான் போடுவார்கள். இது பாகாக இனித்தது. கொட்டாவிக் கதையைக் கேட்டுக்கொண்டே கடைசி மடக்கு வரை குடித்தார். கோட்டைச்சாமி அடுத்த சுற்று வந்தபோது கப்பை நீட்டினார்.