இரண்டாவது அணி

காய்ச்சல் பார்க்கும் கருவி நெற்றிக்கு நேரே 'பீப்' என்றதும் வாசல் காவலாளி இரண்டடி பின்வாங்கினான். நேற்றுவரை அவளைக் கண்டால் எழுந்து நிற்பவன்.

அறுவை சிகிச்சைப் பிரிவின் தலைமை நர்ஸ் அவள். தொற்று வந்ததும் அந்தப் பிரிவையே தலைகீழாகப் புரட்டிப் போட்டவளும் அவள்தான். இரண்டு ஆபரேஷன் தியேட்டர்களை வென்டிலேட்டர் வார்டாக்கினாள். மூன்றாவது தொற்றில்லாதவர்களுக்கு, கோடியில் இருந்தது தொற்றுள்ளவர்களுக்கு. ஆட்களை இரண்டு அணியாகப் பிரித்தாள். ஓர் அணியின் மூச்சுக்காற்றுகூட மற்றதன்மேல் படக்கூடாது. கோடி தியேட்டருக்குப் போகும் முதல் அணியில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டாலும் அணி மொத்தமும் ஒதுங்கிவிட வேண்டும், இரண்டாவது அணி உள்ளே போக வேண்டும். தலைமை டாக்டர் சபாஷ் போட்டார். அதில் அவள் ஒரு சின்னக் கள்ளத்தனமும் செய்திருந்தாள். முதல் அணியில் தன்னைப் போட்டுக்கொண்டு, அங்கேயே நர்ஸாக இருந்த தங்கையை இரண்டாவதில் ஒளித்து வைத்தாள். தங்கைக்குப் பால் மறக்காத குழந்தை.

இப்போது காய்ச்சல் அவளுக்கே. முதல் அணி மொத்தமும் ஒதுங்கிவிட்டது, அவள் தியேட்டர்களுக்கு எதிரே உடை மாற்றும் அறையில் அடைபட்டுக் கிடந்தாள். வெளியே, குடல் வெடித்த நோயாளி ஒருவர் ஸ்ட்ரெச்சரில் முனகிக்கொண்டிருந்தார். தொற்றுள்ளவர். டாக்டருக்குப் போன் போட்டாள்.

"டாக்டர், என் தங்கச்சிக்குப் பதிலா வேற யாரையாவது..."

"யாரைன்னு நீங்களே சொல்லுங்க சிஸ்டர். அனுப்பிடறேன்."

ஒரு பெயர் தொண்டைவரை வந்தது. அந்தப் பெண்ணுக்கும் ஒரு வீடு இருந்தது. போனை வைத்துவிட்டாள்.

உடனே தங்கை அழைத்தாள். "அக்கா, ஏதாவது சாப்பிட்டியா?"

"என்னை விடு. மாஸ்க்கை மூக்குமேல நல்லா அழுத்தினியா? ஊதிப் பாத்தியா?"

"பாத்தேன். குழந்தையை மாமியார்கிட்ட விட்டாச்சு. நீ பயப்படாதே, நீ பயந்தா எனக்குக் கை நடுங்குது."

"நான் ஏன்டி பயப்படறேன்?" குரல் அவளைக் காட்டிக்கொடுத்தது.

கதவின் சிறிய கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தாள். ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது. எல்லாரும் ஒரே உடை, ஒரே முகமூடி. பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. கை கழுவி முடித்து, ஈரக் கைகளை மார்புக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி ஒருத்தி வந்தாள். எதையும் தொடக்கூடாது, கையசைக்கவும் முடியாது. கோடி தியேட்டரின் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். கண்கள் இந்தப் பக்கம் தேடின. அக்கா சிரித்தாள், முகமூடிக்குள் அது தெரிந்திருக்காது. முதுகு தள்ளத் தள்ளக் கதவு திறந்தது. அவளையே பார்த்தபடி அந்த இரண்டு கண்களும் பின்வாங்கிக்கொண்டே போயின.