ஏரிக்கரை விருந்து

தலைநகர் சந்தியாகோவிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள் என்று படகுக்காரன் சொன்னதிலிருந்து அன்செல்மோவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நிலம் அளக்கத்தான் அவர் தெற்கே இந்த ஐசேன் மலைப் பக்கம் வந்தார். காட்டைக் கொளுத்தி மேய்ச்சல் நிலமாக்கிக்கொண்டிருந்த காலம். ஏரிக்கு மேலே இருந்த காடு மட்டும் தீ படாமல் நின்றது. அதைப் பார்த்த மனுஷர் அளவுச் சங்கிலியைத் தூக்கி எறிந்துவிட்டார். இதை மட்டுமாவது தேசியப் பூங்கா என்று அறிவித்துவிடுங்கள் என்று தலை நரைக்கும்வரை அரசாங்கத்திடம் மன்றாடினார். மரத்துக்கும் மானுக்கும் வக்காலத்து வாங்கவா இவ்வளவு படித்தாய் என்று ஊரில் கேலி பேசினார்கள்.

அந்தக் காட்டில்தான் உவேமுல் மான்கள் இருந்தன. அவர் வந்தபோது கூட்டமாகத் திரிந்தவற்றில் இப்போது ஒரே ஒரு பெட்டைதான் மிச்சம். அது அவருக்கு மட்டுமே தெரியும். ஒற்றை மானுக்கு எதற்குப் பூங்கா என்று கேட்டுவிடுவார்களே என்று யாரிடமும் சொல்லவில்லை. பாறை மேல் பொழுதெல்லாம் உட்கார்ந்து, உப்பை நீட்டி நீட்டி, மனுஷர் கையிலிருந்து நக்க அதைப் பழக்கியிருந்தார். அதிகாரிகள் ஒருமுறை அதன் கண்ணைப் பார்த்தால் போதும், கை தானாகக் கையெழுத்துப் போடும் என்று நம்பினார்.

அவரைக் கேலி செய்யாதவர்கள் கரையோரம் குடியிருந்த ரோசமெலும் அவன் மனைவி எதெல்மிராவும்தான். அவர்கள் மகளுக்கு அன்செல்மோ ஞானத் தகப்பன். அதனால் அவரும் ரோசமெலும் ஒருவரையொருவர் உறவுமுறை வைத்து கொம்பாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அவர் குடிசையில் இடம் போதாததால் அதிகாரிகளுக்கான விருந்து ரோசமெல் வீட்டில் என்று ஏற்பாடு.

"கொம்பாத்ரே, அவங்க மனசு குளிர்ந்து போகணும். அதுக்கு எது செஞ்சாலும் தகும்," என்றார் அன்செல்மோ.

"விடுங்க, எங்க பொறுப்பு," என்றான் ரோசமெல்.

அதிகாரிகள் மழையில் நனைந்து, கடுகடுத்த முகத்தோடு வந்து இறங்கினார்கள். பெரிய அதிகாரி லாரேனாஸ் முட்டியைத் தடவிக்கொண்டு, மலை ஏறுகிற பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்செல்மோவுக்குப் பாதி உயிர் போயிற்று. ஆனால் இரும்புக் கம்பியில் குத்தி நெருப்போரம் வாட்டிய கறியை எதெல்மிரா அறுத்து வைத்ததும், லாரேனாஸின் முகம் இளகத் தொடங்கியது. இப்படி ஓர் ஆட்டுக்குட்டியைத் தலைநகரில் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது என்றார். அவர் சிரிக்கிறாரே என்ற சந்தோஷத்தில் அன்செல்மோவும் ஒரு விலா எலும்பை எடுத்து நன்றாகவே சாப்பிட்டார்.

கை கழுவ வீட்டுக்குப் பின்னால் போனார். வேலியில் ஒரு தோல் விரித்துக் கிடந்தது. பழுப்பு மயிர், கட்டை கட்டையாக. ஒரு காது நுனி கிழிந்திருந்தது. எந்த முள்ளில் கிழிந்தது என்றுகூட அவருக்குத் தெரியும்.

ரோசமெல் பின்னாலேயே வந்தான்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா? பூமாப் புலி வந்து ஆட்டுக்குட்டியெல்லாம் அடிச்சிட்டுப் போயிடுச்சு. கிழட்டு ஆட்டுக் கறியையா அவங்க முன்னால வைக்கிறதுன்னு எதெல்மிரா அழுதா. அதான் மேல போனேன்."

அன்செல்மோ வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"துப்பாக்கிகூட வேண்டியிருக்கல. கையை நீட்டினேன், தானா நடந்து வந்துச்சு. பாவமாத்தான் இருந்துச்சு. மேல எத்தனையோ இருக்கு, ஒண்ணுதானேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "கோவமா, கொம்பாத்ரே?"

கோபம்தான். ஆனால் யார் மேல் என்று அன்செல்மோவுக்குத் தெரியவில்லை. அவனுடைய முகத்தில் ஒரு துளி வஞ்சம் இருந்திருந்தால் கழுத்தைப் பிடித்திருப்பார். அங்கே இருந்ததெல்லாம் அவர் ஒரு நல்ல வார்த்தை சொல்வாரா என்ற தவிப்பு மட்டும்தான்.

அதற்குள் லாரேனாஸ் கதவோரம் வந்து அவரைக் கூப்பிட்டார்.

"பாருங்க அன்செல்மோ, எனக்கு ஏற முடியாது. அந்த மானெல்லாம் மேல இருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. இங்கயே எழுதிக் கையெழுத்துப் போட்டுடறேன்."

உண்மையைச் சொன்னால், கொல்லக் கூடாத மானைக் கொன்றதற்காக ரோசமெலைப் பிடித்துக்கொண்டு போவார்கள். பூங்காவும் கிடைக்காது, அடுத்த கோடையில் மேய்ச்சல்காரர்கள் காட்டுக்குத் தீ வைப்பார்கள். மழை ஓய்ந்து, மேலே மரங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்துகொண்டிருந்தன.

"இருக்கு ஐயா," என்றார் அன்செல்மோ.

லாரேனாஸ் மேஜையில் இடம் ஒதுக்கிக் கையெழுத்துப் போட்டார். ரோசமெல் தொப்பியைத் தூக்கிப் போட்டுப் பிடித்தான். எல்லோரும் அன்செல்மோவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எதெல்மிரா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு தட்டோடு வந்தாள்.

"நெஞ்சுக்கறி. உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சேன். இன்னிக்கு நீங்கதான் மாப்பிள்ளை, மறுக்கக் கூடாது."

எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்செல்மோ உட்கார்ந்தார். கத்தியை எடுத்தார். தட்டு காலியாகும்வரை சாப்பிட்டார்.