வீட்டுக்கு முன்னால் ஒரு மணல்மேடு

வீட்டை ஒட்டி ஒரு மேடு இருந்தால் போதும், கோத்தகிரி யூனிஸுக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். பிடிக்காமல் என்ன செய்யும்? ஒரு ஐப்பசி மழையில் கொல்லைப்பக்கத்து மேடு சரிந்து, வீட்டோடு அவள் அக்காவையும் மூடியதைக் கண்ணால் பார்த்தவள்.

மகள் ஜெபிஷாவை நாகப்பட்டினம் பக்கத்துக் கடலோர ஊரில் கட்டிக்கொடுத்திருந்தாள். மகள் உண்டாகியிருக்கிறாள் என்று பார்க்கப் போனபோது, வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே நின்ற மணல்மேடுதான் முதலில் கண்ணில் பட்டது.

"ஏனுங்க மாப்பிள்ளை, மழை ஊத்துனா இது ஊட்டு மேல வந்துருமுங்க. வழிச்சுத் தள்ளிப்போடுங்க."

"கடலைத் தடுக்குறதே அதுதான் அத்தை" என்று மருமகன் பிராங்ளின் சொல்லிப் பார்த்தான். காதில் ஏறினால்தானே! மலைக்காரிக்கு மண்ணைப் பற்றிப் பாடமா? ஊர் திரும்பியும் தினம் போன் போட்டு நச்சரித்தாள். கடைசியில் ஒருநாள், "பொக்லைன் வச்சு எடுத்தாச்சு அத்தை" என்றான். அன்றைக்குத்தான் யூனிஸ் வயிறாரச் சாப்பிட்டாள்.

கார்த்திகையில் புயல் வந்தது. ஊர் மொத்தமும் சர்ச்சுக்குள் இருக்கிறது என்று ஜெபிஷா சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் அறுந்தது. சர்ச் இருப்பதும் அந்த மேட்டுக்குப் பின்னால்தான். காலையில் டிவியில் ஓர் அதிகாரி, மணல்மேட்டை வெட்டிய இடங்களில் எல்லாம் கடல் ஊருக்குள் புகுந்துவிட்டது என்றார்.

யூனிஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஆண்டவரே, எம் புள்ளைய நானே கொன்னுட்டனே" என்று வாயில் அடித்துக்கொண்டு அழுதாள். போட்டுப் போட்டுப் பார்த்தும் போன் போகவில்லை.

மத்தியானம் அதுவே அடித்தது. பிராங்ளின்தான்.

"நல்லாருக்கோம் அத்தை. ஜெபிஷாவும் நல்லாருக்கா. மேட்டுல பாதிய அலை தின்னுட்டுப் போயிருச்சு. ஆனா, இந்தப் பக்கம் தண்ணி வரல."

"மேடா? எந்த மேடுங்க?"

"அதேதான் அத்தை. நான் எடுக்கவே இல்ல. பொய் சொல்லிட்டேன், மன்னிச்சுக்குங்க."

பொய் சொன்னவர்கள் முகத்தில் விழிக்காத யூனிஸ், அந்தப் பொய்க்காக விம்மி விம்மி அழுதாள். சொன்னவனை வாரி அணைத்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

"போன பாதி மறுபடி வளருமுங்களா?"

"அடம்பங்கொடி நட்டா, காத்துல வர்ற மணலைப் புடிச்சு வச்சுக்கும் அத்தை. கொஞ்சம் கொஞ்சமா ஏறிரும்."

யூனிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பிரசவம் முடிஞ்சு புள்ளையையும் கொழந்தையையும் கொண்டாந்து உட வருவனுங்க. அப்ப எங்கையாலயே நட்டு வைக்கறேன்."